நரம்பில் ஓடுவது மின்சாரம் என்றால் நடுவில் ரசாயனம் எதற்கு?

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் கீழ் வீட்டில் குடியிருப்பவர்களின் மகள் ப்ளஸ் டூ படிக்கிறாள். நீட்டுக்கும் தயாராகிறாள். போன வாரம் மாடிப்படியில் என்னை மடக்கிக் கேட்டாள்: “சார், நரம்புக்குள்ள ஓடறது மின்சாரம்தானே? அடுத்த செல்லுக்கும் மின்சாரமாவே தாண்டிட வேண்டியதுதானே? நடுவுல இடைவெளி வுட்டு, அதுல ரசாயனத்த ஊத்தி, அத மறுபடியும் மின்சாரமாக்கி... எதுக்கு இந்தச் சுத்து? மின் சினாப்ஸ்தான் வேகம்னு புக்குலயே போட்டுக்கீது. அப்புறம் ஏன் அது கொஞ்சமா கீது?”

என் கையில் காய்கறிப் பை. நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமும் இல்லை. “எழுதியே தர்றேம்மா” என்றேன். அவளுக்கு எழுதியதுதான் இது. (சினாப்ஸ் என்பது ஒரு நரம்பு செல் அடுத்த செல்லுக்குச் செய்தியைக் கைமாற்றும் இடம். மின்சாரமாகவே கைமாறினால் மின் சினாப்ஸ், நடுவில் ரசாயனம் வந்தால் ரசாயன சினாப்ஸ்.) வேறு யாருக்காவது இதே சந்தேகம் இருந்தால் அவர்களுக்கும் ஆகும்.

முதலில் என்னைப் பற்றி ஒரு வரி. நான் டாக்டர் இல்லை. ஒரு மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, பிறகு நரம்பு, தசை மின்பதிவு எடுக்கும் அறைக்கு மாறி, அங்கேயே ஓய்வு பெற்றவன். படித்ததைவிடப் பார்த்தது அதிகம். அதனால் பார்த்ததிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்தக் காலத்தில் முதலாண்டு மாணவர்களுக்குத் தவளை இதயச் சோதனை உண்டு. ஏரியில் பிடித்த தவளைகளை ஈரக் கோணிப்பையில் போட்டு ஒருவர் கொண்டுவருவார். மூளையையும் தண்டுவடத்தையும் அழித்த தவளையின் மார்பைத் திறந்தால், இதயம் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். இதயத்தின் நுனியில் வளைத்த குண்டூசி, அதில் ஒரு நூல், நூலின் மறுமுனையில் மெல்லிய நெம்புகோல். நெம்புகோலின் கூர் முனை, மெதுவாகச் சுழலும் உருளையில் சுற்றிய கரித்தாளை உரசும். ஒவ்வொரு துடிப்பும் கறுப்பில் ஒரு வெள்ளை மேடாக விழும். தாளுக்குப் புகைக்கரி பிடிக்க வைப்பதும், பதிவு முடிந்ததும் அரக்குக் கரைசலில் முக்கிக் காயப்போடுவதும் என் வேலை. வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் கரிதான் வரும்.

நரம்பு முனைகள் வெளிவிடும் ரசாயனங்களில் ஒன்று அசிட்டைல்கோலின். இதயத்தின் மேல் அதை ஒரு சொட்டு விட்டால் மேடுகள் விலகி விலகி விழும். பிறகு கோடு தட்டையாகிவிடும். ரிங்கர் என்ற உப்புக் கரைசலால் கழுவினால் மறுபடி துடிக்கும். அதன் பிறகு அட்ரோபின் என்ற மருந்து. அது பட்ட இதயம், நீங்கள் எவ்வளவு அசிட்டைல்கோலின் விட்டாலும் சட்டை செய்யாது.

ஒரு நாள் காலை முதல் சொட்டுக்கே இதயம் மசியவில்லை. மாணவர்கள் சொட்டுமேல் சொட்டு விடுகிறார்கள், அது பாட்டுக்கு ஓடுகிறது. இன்னொரு தவளை. அதுவும் அப்படியே. ஆசிரியர் திரும்பி என்னைப் பார்த்தார். முந்தின நாள் அட்ரோபின் எடுத்த சொட்டுக்குழாயைச் சரியாகக் கழுவாமல் அசிட்டைல்கோலின் சீசாவில் நான் போட்டுவைத்திருந்தேன். வாங்கிய திட்டு தனிக்கதை. ஆனால் சினாப்ஸ் என்றால் என்னவென்று எனக்கு உறைத்தது அன்றுதான். மின்சாரம் மட்டுமே பேசுகிற இடமாக இருந்தால், ஒரு அழுக்குக் குழாய் அந்தப் பேச்சைக் கெடுத்திருக்க முடியாது.

இதே தவளை இதயத்தை வைத்துத்தான் உலகமும் இந்த விஷயத்தைக் கற்றுக்கொண்டது. ‘சினாப்ஸ்’ என்ற சொல்லை 1897இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் இங்கிலாந்தின் ஷெரிங்டன். அப்போது அந்த இடைவெளியை யாரும் கண்ணால் பார்த்திருக்கவில்லை. ஒரு நரம்பு செல் முடிந்து இன்னொன்று தொடங்குகிறதா, அல்லது எல்லாமே ஒரே வலையா என்றே அடிதடி நடந்த காலம் அது. தனித்தனி செல்கள் என்றார் ஸ்பெயினின் கஹால். ஒரே வலை என்றார் இத்தாலியின் கோல்ஜி. இருவருக்கும் சேர்த்து 1906இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். கோல்ஜி தன் ஏற்புரையிலேயே கஹாலின் கொள்கையை மறுத்துப் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் இருந்த ஓட்டோ லோவி 1921இல் வெளியிட்டது எளிய சோதனை. இரண்டு தவளை இதயங்கள். முதல் இதயத்தோடு, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நரம்பைத் தூண்டினார், துடிப்பு குறைந்தது. முதல் இதயத்தைச் சுற்றியிருந்த கரைசலை எடுத்து இரண்டாவது இதயத்தில் விட்டார். நரம்பே தொடாத அந்த இதயமும் நிதானித்தது. செய்தியைச் சுமந்து போனது கரைசல்! இந்தச் சோதனை தனக்குக் கனவில் வந்ததாகவும், முதல் நாள் இரவு எழுதிவைத்த குறிப்பைக் காலையில் படிக்க முடியாமல் போனதாகவும், மறுநாள் இரவும் அதே கனவு வர, எழுந்து நேராக ஆய்வகத்துக்கே ஓடியதாகவும் லோவி பிற்காலத்தில் சொல்வார். அந்தக் கரைசலில் இருந்தது அசிட்டைல்கோலின்தான். 1936இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் வாங்கினார். 1938இல் நாஜிகள் அவரைச் சிறையில் அடைத்து, பரிசுப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டுதான் நாட்டைவிட்டுப் போகவிட்டார்கள்.

அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. சூப்புக் கட்சி, பொறிக் கட்சி என்று இரண்டு அணி. (சூப்பு என்பது அவர்கள் வைத்த பெயர். நாம் ரசக் கட்சி என்றே வைத்துக்கொள்ளலாம், ரசாயனத்திலேயே ரசம் இருக்கிறது.) இதயம் மாதிரி மந்தமான உறுப்புக்கு ரசாயனம் சரி, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த வேகம் போதாது, அங்கே மின்பொறிதான் தாவுகிறது என்று பொறிக் கட்சி வாதாடியது. நம் மாணவி கேட்டது அதே வாதம்தான். அந்தக் கட்சியின் முன்னணி ஆள் ஜான் எக்லஸ். 1951இல் நியூசிலாந்தில் அவரே தண்டுவடத்து நரம்பு செல்லுக்குள் நுண்ணிய கண்ணாடி மின்முனையைச் செருகிப் பார்த்தார். ‘அடங்கு’ என்ற செய்தி வரும்போது செல்லின் உள்மின்னழுத்தம் அவருடைய மின்கொள்கை சொன்ன திசைக்கு நேர் எதிராகப் போனது. மனிதர் அன்றோடு கட்சி மாறிவிட்டார். விஞ்ஞானத்தில் எனக்குப் பிடித்த கட்சித்தாவல் இது ஒன்றுதான்.

சரி, அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது?

நரம்பில் ஓடுவதை மின்சாரம் என்கிறோமே தவிர, அது கம்பியில் ஓடுகிற மாதிரி இல்லை. ஓய்வாக இருக்கும் செல்லின் உட்புறம் வெளியைவிடச் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவு. தூண்டப்பட்ட இடத்தில் செல்லின் சவ்வில் இருக்கும் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன, சோடியம் உள்ளே பாய்கிறது, அந்த இடம் நேர்மின்னாக மாறுகிறது, அது பக்கத்து இடத்தைத் திறக்க வைக்கிறது. வேகம், கையில் இருக்கும் பெரிய நரம்புகளில் நொடிக்கு 50 மீட்டருக்கு மேல். அதை அளந்துதான் என் சம்பளமே ஓடியது.

இந்த அலை ஆக்ஸானின், அதாவது நரம்பு செல்லின் நீண்ட இழையின், கடைசிக்கு வந்து நிற்கிறது. எதிரே அடுத்த செல்லின் சவ்வு. நடுவே சுமார் 20 நானோமீட்டர் இடைவெளி. ஒரு தலைமுடியின் தடிமனை நாலாயிரம் கூறாக்கினால் ஒரு கூறு. இவ்வளவு கிட்டத்தில் இருக்கிறதே, மின்சாரம் தாவாதா என்றால், தாவாது. இடைவெளியில் இருப்பது உப்புத் தண்ணீர், எதிர்ச் சவ்வோ கொழுப்பால் ஆன மின்காப்பு. வந்த மின்னோட்டம் கஷ்டப்பட்டு எதிர்ச் சவ்வைத் துளைப்பதைவிட, உப்புத் தண்ணீர் வழியாகப் பக்கவாட்டில் வழிந்தோடிவிடும். வாய்க்கால் கரை உடைந்திருந்தால் தண்ணீர் மேட்டுக் கொல்லைக்கு ஏறுமா?

அதனால் வேறு ஏற்பாடு. அலை வந்ததும் ஆக்ஸான் முனையில் கால்சியம் கால்வாய்கள் திறக்கின்றன. வெளியே இருக்கும் கால்சியத்தின் அடர்த்தி உள்ளே இருப்பதைப்போலச் சுமார் பத்தாயிரம் மடங்கு, அதனால் திறந்தவுடன் கொட்டும். முனைக்குள் சுமார் 40, 50 நானோமீட்டர் விட்டமுள்ள பைகள், ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளோடு, சவ்வை ஒட்டியே தயாராக நிற்கின்றன. பையில் பாதியும் சவ்வில் பாதியுமாகச் சில புரதங்கள் கயிறு முறுக்குவதுபோல் ஒன்றையொன்று பின்னிப் பையைச் சவ்வோடு இழுத்துப் பிடித்திருக்கும். கால்சியம் பட்டதும் பை சவ்வோடு கலந்து வாயைத் திறக்கிறது. இந்த இயந்திரத்தைப் பிரித்துக் காட்டிய ராத்மன், ஷேக்மன், சூடோஃப் மூவருக்கும் 2013இல் நோபல் கிடைத்தது.

வெளியே வந்த மூலக்கூறுகள் எதிர்க்கரை ஏற்பிகளில் (அவற்றைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில்) போய் உட்கார, ஏற்பி திறந்து, அந்தச் செல்லுக்குள் சோடியம் நுழைகிறது. மறுபடி மின்சாரம்.

இதற்கெல்லாம் ஆகும் நேரம் அரை மில்லிநொடி முதல் ஒன்றிரண்டு மில்லிநொடி. இடைவெளியை நீந்திக் கடக்கத்தான் அந்த நேரம் ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, நீச்சல் சில மைக்ரோநொடிதான். நேரம் போவது பெரும்பாலும் கால்சியம் கதவு திறப்பதிலும் பை வாய் திறப்பதிலும். இந்தத் தாமதம் எங்கள் அறையில் தினசரி தொல்லை. கை நரம்பின் வேகத்தை அளக்க, மணிக்கட்டில் ஒரு முறை ஷாக் கொடுத்துக் கட்டைவிரல் தசை எப்போது துடிக்கிறது என்று பார்த்தால், அந்தக் கணக்கில் நரம்பு-தசை சந்திப்பின் தாமதமும் கலந்துவிடும். அதனால் முழங்கையிலும் ஒரு முறை ஷாக் கொடுப்போம். மணிக்கட்டிலிருந்து 3.3 மில்லிநொடி, முழங்கையிலிருந்து 7.5 என்று வைத்துக்கொள்ளுங்கள். கழித்தால் 4.2. இரண்டு இடத்துக்கும் நடுவே 22 சென்டிமீட்டர் என்றால் வேகம் நொடிக்கு 52 மீட்டர். சினாப்ஸின் தாமதம் இரண்டிலும் இருப்பதால் கழித்தலில் ஓடிப்போகிறது. இந்தக் கணக்கையே இன்னொரு பக்கம் பார்: காலிலிருந்து தண்டுவடம் வரை வரவே 20 மில்லிநொடி ஆகிறது. அதில் ஒரு சினாப்ஸுக்கு அரை மில்லிநொடி கொடுப்பது பெரிய நஷ்டமா?

நஷ்டம் இவ்வளவுதான். லாபம் என்ன?

முதல் லாபம், பெருக்கம். நரம்பின் நுனி ஓரிரு மைக்ரான் தடிமன். அது ஆட்டிவைக்க வேண்டிய தசை நார் 50 மைக்ரான் தடிமனில் சென்டிமீட்டர் கணக்கில் நீளம். நேரடி மின் இணைப்பு கொடுத்தால் அந்தப் பிசாத்து மின்னோட்டம் இந்தப் பெரிய நாரில் ஊறிக் காணாமல் போகும். ஆம்பூர் பிரியாணி தேக்சாவை ஒரு அகல் விளக்கை வைத்துச் சூடேற்றுவதுபோல. ஆனால் அகல் விளக்கால் தேக்சாவுக்கு அடியில் அடுக்கியிருக்கும் விறகைப் பற்றவைக்கலாம் இல்லையா? அசிட்டைல்கோலின் செய்வது அதைத்தான். சக்தி நரம்பிலிருந்து வருவதில்லை. தசை நார் தன் சவ்வின் இருபுறமும் சேர்த்துவைத்திருக்கும் சோடியம் பொட்டாசியம் வித்தியாசம்தான் விறகு. ரசாயனம் கதவைத் திறக்கிறது, அவ்வளவுதான்.

இதையும் எண்ணிக்கையில் காட்டியவர் பெர்னார்ட் கட்ஸ். நரம்பைத் தூண்டாமல் சும்மா இருக்கும் தசையிலும் அரை மில்லிவோல்ட் அளவுக்குச் சின்னச் சின்னத் துடிப்புகள் அவ்வப்போது தெரிவதை 1950களின் தொடக்கத்தில் அவரும் ஃபாட்டும் பார்த்தார்கள். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு பை தவறி உடைந்தால் ஒரு துடிப்பு. நரம்பில் ஒரு அலை வந்தால் நூறு, இருநூறு பைகள் ஒன்றாக உடையும். தேவைக்கு மூன்று நான்கு மடங்கு கூடுதலாகவே தசைக்குக் கொடுக்கும்.

இந்தக் கூடுதல் கைவசம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை என் திரையில் பார்த்திருக்கிறேன். மையஸ்தீனியா கிரேவிஸ் என்று ஒரு நோய். உடம்பின் எதிர்ப்பொருள்களே அசிட்டைல்கோலின் ஏற்பிகளை அழிக்கும். நோயாளி காலையில் நன்றாக இருப்பார், பொழுது சாயச் சாய இமை தொங்கும், சோறு மெல்ல மெல்லத் தாடை சோரும். நொடிக்கு மூன்று என்ற கணக்கில் நரம்பைத் தூண்டினால் முதல் அலை உயரமாக வரும், இரண்டாவது கொஞ்சம் குட்டை, மூன்றாவது இன்னும் குட்டை. நாலாவதில் பத்து சதவீதத்துக்கு மேல் குறைந்தால் டாக்டரைக் கூப்பிடுவோம். உங்களுக்கும் எனக்கும்கூட முதல் சில தூண்டல்களில் வெளிவரும் பைகள் குறைந்துகொண்டேதான் போகின்றன. கையிருப்பு மூன்று மடங்கு இருப்பதால் வெளியே தெரிவதில்லை.

ரசாயன சினாப்ஸ் என்பது கைபிடிகள் நிறைந்த சாமான். தயாரிப்பு, வெளியீடு, ஏற்பு, துப்புரவு என்று எந்த இடத்திலும் பிடித்துத் திருகலாம். இதை மூளை செய்கிறது, மருந்து செய்கிறது, பாம்பும் செய்கிறது.

அணைக்கட்டுப் பக்கத்து விவசாயி ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்க்கப் போனது நினைவிருக்கிறது. வென்டிலேட்டரில் இருந்தார். இமை இரண்டும் மூடியிருந்தன. வெளியே அவர் மனைவி, “ராத்திரி நல்லாதான் சாப்ட்டு தரைல படுத்தாரு சார். காத்தால வயித்த வலிக்குதுன்னாரு, கண்ண தொறக்க முடிலன்னாரு. இன்னா கடிச்சிதுன்னே தெரில, கடிச்ச எடமும் தெரில” என்றார். கட்டுவிரியன். நான் உள்ளே போய், “ஐயா, நான் பேசறது கேட்டா கால் கட்டைவிரல அசைங்க” என்றேன். விரல் மெல்ல, ஒரு நெல்மணி தூரம், அசைந்தது. மனிதர் முழு விழிப்போடு இருந்தார். மூளை நன்றாக இருக்கிறது, நரம்பில் அலையும் ஓடுகிறது, தசையும் பழுதில்லை. அறுந்தது நரம்புக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் அந்த நானோமீட்டர் சந்து மட்டும்.

கட்டுவிரியன் விஷம் தாக்குவது இக்கரையை. நரம்பு முனையையே சிதைத்து, பைகளைக் காலி செய்துவிடும். நல்ல பாம்பின் நரம்பு விஷம் தாக்குவது அக்கரையை. ஏற்பியில் போய் அடைத்துக்கொள்ளும். வெளியே பார்த்தால் இரண்டுக்கும் இமைதான் முதலில் தொங்கும், மூச்சு கடைசியில் நிற்கும். ஆனால் நல்ல பாம்புக் கடிக்கு விஷமுறிவு மருந்தோடு நியோஸ்டிக்மின் ஊசியும் போட்டால் பலருக்கு இமை ஏறுவதைப் பார்க்கலாம். அந்த ஊசி அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை மட்டுப்படுத்துகிறது. அசிட்டைல்கோலின் சந்தில் பெருகி, விஷத்தோடு போட்டி போட்டு ஏற்பியைப் பிடிக்கிறது. கட்டுவிரியனில் இக்கரையிலிருந்து அசிட்டைல்கோலினே வருவதில்லை, எதைப் பெருக்குவது? முனை மறுபடி முளைக்கும்வரை நாள்கணக்கில் வென்டிலேட்டர்தான் மூச்சுவிட வேண்டும். முளைக்கும் என்பதுதான் ஆறுதல். (தரையில் படுத்தவருக்குக் காலையில் இமை தொங்கினால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் நேராக ஆஸ்பத்திரி. மந்திரிக்கப் போகிற நேரத்தில் மூச்சு போய்விடும்.)

துப்புரவைக் கெடுப்பது பூச்சிமருந்து. சந்தில் கொட்டிய அசிட்டைல்கோலினை உடனே சிதைக்க ஒரு நொதி காத்திருக்கிறது, ஒரு மூலக்கூறு நொதி நொடிக்குப் பல ஆயிரம் அசிட்டைல்கோலினை வெட்டித் தள்ளும். ஆர்கனோபாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்து அந்த நொதியைப் பூட்டிவிடும். சொன்ன செய்தியே திரும்பத் திரும்பக் கத்திக்கொண்டிருக்கும். எச்சில் வழியும், வியர்வை கொட்டும், கண் பாப்பா குண்டூசி முனையாகச் சுருங்கும், தசை தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் துடிக்கும். அப்போது டாக்டர்கள் ஓடி எடுப்பது எதை? என் சொட்டுக்குழாயைக் கெடுத்த அதே அட்ரோபினை. அது இதயம், சுரப்பி, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் ஏற்பிகளை மறிக்கிறது. கைகால் தசையில் இருக்கும் ஏற்பி வேறு ரகம், அங்கே அட்ரோபின் செல்லாது. அதனால்தான் அட்ரோபின் போட்டு எச்சில் நின்ற பிறகும் மூச்சுத் தசை சோர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படுகிறது. ஒரே அசிட்டைல்கோலின், எதிர்க்கரை ஏற்பி மாறினால் பொருளே மாறிவிடுகிறது: தசைக்கு ‘இழு’, இதயத்துக்கு ‘மெல்ல’.

இந்த ‘மெல்ல’, ‘வேண்டாம்’ இரண்டும் அடுத்த பெரிய லாபம். மின் சினாப்ஸில் இந்தப் பக்கம் ஏறினால் அந்தப் பக்கமும் ஏறும், தலையாட்டும் பொம்மை. ரசாயன சினாப்ஸால் மறுக்க முடியும். மூளையில் காபா, தண்டுவடத்தில் அதோடு கிளைசின், இந்த ரசாயனங்கள் பெரும்பாலும் குளோரைடு கதவைத் திறந்து அடுத்த செல்லை அடக்கிவைக்கும். முழங்கையை மடக்கும்போது முன்தசைக்கு ‘இழு’ போகிற அதே கணம், பின்தசைக்கு ‘சும்மா இரு’ போகிறது. அந்த ‘சும்மா இரு’ இல்லாவிட்டால்? எட்டி பழுத்தாலென்ன என்று பழமொழி சொல்கிறோமே, அந்த எட்டி விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின் கிளைசின் ஏற்பியை அடைத்துவிடும். எல்லாத் தசையும் ஒன்றாக இழுத்து, உடம்பு வில்லாக வளையும். ரணஜன்னியும் அதே வில்தான், வழி வேறு. டெட்டனஸ் நச்சு நரம்பு வழியே பின்னோக்கி ஏறித் தண்டுவடம் போய், அடக்கும் செல்களில் பையை இழுத்துப் பிடிக்கும் அந்தக் கயிற்றுப் புரதத்தை வெட்டுகிறது. கிளைசின் வெளியே வராது. கெட்டுப்போன டப்பா உணவில் வரும் பொட்டுலினம் நச்சும் அதே கயிற்றுக் கூட்டத்தைத்தான் வெட்டுகிறது, ஆனால் தசை வாசலிலேயே நின்று வெட்டுகிறது. அதனால் அங்கே உடம்பு விறைக்காது, துவண்டுபோகும். ஒரே கத்தி, வெட்டிய தெரு வேறு.

அப்புறம் கூட்டிக் கழிப்பது. மூளையில் ஒரு சினாப்ஸ் தரும் தள்ளு பெரும்பாலும் ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே. அடுத்த செல் சுட வேண்டுமானால் பத்துப் பதினைந்து மில்லிவோல்ட் ஏற வேண்டும். பல வாயிலிருந்து ‘சரி’ வர வேண்டும், ‘வேண்டாம்’களைக் கழிக்க வேண்டும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள் என்கிறார்கள். ஒவ்வொன்றும் வந்த செய்தியை அப்படியே அடுத்ததுக்குத் தள்ளினால் அது மூளை இல்லை, வலிப்பு.

கற்பதும் இங்கேதான். அடிக்கடி சேர்ந்து வேலை செய்யும் சினாப்ஸ் மணிக்கணக்கில் வலுத்து நிற்பதை 1973இல் முயல் மூளையில் பிளிஸ், லோமோ இருவரும் காட்டினார்கள். மூளையில் ‘கிளம்பு’ என்று சொல்லும் முக்கிய ரசாயனம் குளூட்டமேட். அதற்கான ஏற்பிகளில் ஒரு வகையின் வாயில் மக்னீசியம் கார்க்குபோல் அடைத்திருக்கும். குளூட்டமேட்டும் வந்து, செல்லும் ஏற்கெனவே கிளர்ந்திருந்தால்தான் கார்க் விலகும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்ததா என்று பார்க்கிற பூட்டு. நீ படிப்பது மண்டையில் ஏறுவதற்கு அந்தப் பூட்டும் ஒரு காரணம்.

இனி உன் மின் சினாப்ஸ். நான் அதை மட்டம் தட்டுவதாக நினைக்காதே.

அங்கே இரண்டு சவ்வும் சுமார் மூன்றரை நானோமீட்டருக்குள் ஒட்டி நிற்கின்றன. கனெக்ஸின் என்ற புரதம் ஆறு சேர்ந்து ஒரு குழல், எதிர்ச் செல்லிலும் அதேபோல் ஒரு குழல், இரண்டும் வாயோடு வாய் பொருந்தினால் ஒரு செல்லின் உட்புறம் அடுத்ததன் உட்புறத்தோடு நேரடியாகச் சேர்ந்துவிடும். பழைய தெருக்களில் இரண்டு வீட்டுக்குப் பொதுச் சுவரில் ஒரு மாடம் இருக்கும், சர்க்கரை டம்ளரை அதன் வழியே நீட்டுவார்கள். தெருவைச் சுற்றிப் போக வேண்டியதில்லை. அயனிகள் மட்டுமல்ல, சுமார் ஆயிரம் டால்டன் எடை வரையிலான சின்ன மூலக்கூறுகளும் போய்வரும். தாமதம் கிட்டத்தட்ட இல்லை. 1959இல் ஃபர்ஷ்பன், பாட்டர் இருவரும் நன்னீர் இறால் வகையில் இதை விரிவாக நிரூபித்தார்கள். எதிரியைப் பார்த்ததும் வாலைச் சுண்டிப் பின்னால் பாய்கிற பிராணி அது. அரை மில்லிநொடி அதற்கு உயிர்.

நம் மூளையிலும் இது இருக்கிறது. வேகத்துக்காக மட்டும் இல்லை, ஒத்திசைவுக்காக. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தில் மேளக்காரர்கள் தோளோடு தோள் இடித்தபடி அடிப்பதைக் கவனித்திருக்கிறாயா? ஒருவன் அடி பிசகினாலும் மற்றவன் தோள் அவனை இழுத்துத் தாளத்தில் போடும். மூளைத்தண்டில் ஆலிவ் என்ற பகுதியில் இருக்கும் செல்களும், மூளைப் புறணியில் அடக்கும் வேலை செய்யும் செல்களில் ஒரு பகுதியும் இப்படித்தான் கனெக்ஸின் மாடங்களால் பிணைந்து ஒரே தாளத்தில் துடிக்கின்றன. நரம்பை விட்டு வெளியே பார்த்தால் இதயத் தசையும் இதே சங்கதிதான். கரித்தாளில் ஒவ்வொரு துடிப்பும் ஒரே மேடாக விழுந்ததே, ஆயிரக்கணக்கான செல்கள் இத்தகைய இணைப்புகளால் ஒன்றாக இழுத்ததால்தான். ஆக, அந்தத் தவளை இதயத்தில் இரண்டுமே இருந்தன. தாளம் மின் இணைப்பில், தாளத்தை மெல்லவா வேகமாகவா என்று சொன்னது ரசாயனத்தில்.

அதனால் பரீட்சையில் ‘மின் சினாப்ஸ் பழையது, ரசாயன சினாப்ஸ் முன்னேறியது’ என்று எழுதாதே. இரண்டும் பல இடங்களில் ஒரே செல்லிலேயே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன, ஒன்று மற்றதைத் திருகவும் செய்கிறது. பகல் வெளிச்சத்தில் உன் விழித்திரையில் டோபமின் என்ற ரசாயனம் வெளிவருகிறது. அது அங்கே பக்கவாட்டில் பின்னியிருக்கும் செல்களின் மாடங்களை இறுக்கி, ஒவ்வொரு செல்லும் தன் சின்ன வட்டத்தை மட்டும் பார்க்கும்படி செய்கிறது. மத்தியான வெயிலில் அண்ணா சாலையில் கடைப் பலகையைப் படிக்கும்போதும் சாயங்காலம் கோட்டை அகழிக் கரையில் நடக்கும்போதும், கண்ணுக்குள் செல்களின் வலைப்பின்னல் ஒன்றாக இருப்பதில்லை. மின் இணைப்பின் திருகாணி ரசாயனத்தின் கையில்.

மிச்சக் கேள்வி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை மேலே வா. அட்ரோபின் குழாய் கெடுத்த அன்றைய கரித்தாளை இன்னும் வைத்திருக்கிறேன். பென்சிலில் ஏழு இடத்தில் ‘அ.கோ.’ என்று அம்புக்குறி போட்டிருக்கும், ஏழு இடத்திலும் மேடுகள் அப்படியே இருக்கும்.